நொட்டை சார்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பழைய ஆளாக இருந்திருந்தால், "என் பேரை எழுதுற அளவுக்கு உன் எழுத்து வரலப்பா, கோணலா கீது" என்று அவரே தடுத்திருப்பார். மாங்கூழ் ஃபேக்டரியில் எல்லோரும் அவரை முகத்துக்கு நேரே சார் என்றும், முதுகுக்குப் பின்னால் நொட்டை சார் என்றும் சொல்வார்கள். எதை நீட்டினாலும் அதில் ஒரு நொட்டை சொல்லாமல் அவருக்கு வாய் மூடாது.

நான் குடியாத்தத்திலிருந்து சித்தூருக்கு வந்து அந்த ஃபேக்டரியின் லேபில் சேர்ந்தபோது, அவர் வீட்டுக்குப் பக்கத்துப் போர்ஷன் காலியாக இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். குடிவந்த முதல் நாள் காலையில் அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து வந்த சத்தத்தில்தான் கண்விழித்தேன்.

"இன்னா இது? காபியா, டம்ளர் கழுவின தண்ணியா?"

டம்ளரை ணங்கென்று வைக்கும் சத்தம். பிறகு, "இட்லியா இது? தூக்கிப் போட்டா தெருநாய் மண்ட ஒடஞ்சிடும்."

அந்த வீட்டுப் பெண்மணி அழப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அடுத்துக் கேட்டது அந்தப் பெண்மணியின் சிரிப்பு. நன்றாக வாய்விட்டுச் சிரித்தார். "நாய்க்கு நான் வேற செஞ்சிக்கிறேன், நீங்க துன்னுட்டுக் கிளம்புங்க" என்றார்.

அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். சாரோடு குடும்பம் நடத்தி இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது அவருக்கு. ஒரே மகளைச் சூளூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

சார் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, கொடியில் என் லுங்கி காயும் அழகைப் பற்றியது. இரண்டாவது வாரம் என் அறைக்குள் வந்தார். உட்காரக்கூட இல்லை. அடுப்பைப் பார்த்தார், குனிந்து கேஸ் ட்யூபை விரலால் மடித்துப் பார்த்தார். "வெடிச்சிக் கீது பாரு. சாவணும்னா ஊருக்குப் போய்ச் சாவு, பக்கத்து வீட்டுக்காரனை ஏன் இழுக்கிற?" என்று திட்டிவிட்டுப் போனார். நான் முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் புது ட்யூபோடு திரும்பி வந்து, அவரே மாட்டினார். மாட்டும்போதும் என் அடுப்பு, என் பாத்திரம், நான் அரிசி களையும் விதம் என்று ஒன்றையும் விடவில்லை.

ஃபேக்டரியில் அவருக்கு வேலையே அதுதான். சீசன் தொடங்கிவிட்டால் பங்காருபாளையம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வரும் டிராக்டர்கள் எங்கள் வாசலிலிருந்து மெயின் ரோடு வரை வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொரு லோடும் அவர் கண்ணைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ட்ரைலர் மேல் ஏறுவார். மேலாக அடுக்கியிருக்கும் பழங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவுவார். காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்துவார், முகர்ந்து பார்ப்பார், சின்னக் கத்தியால் கீறுவார்.

"ஈ குத்தினது. இது மழையில அறுத்தது. இது வெம்பல். எடுத்துக்கினு போ."

பழக்காரர்கள் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டுவார்கள். அவரும் இரண்டு பாஷையிலும் பதில் கொடுப்பார். ஆனால் திருப்பி அனுப்பும் ஆளிடம் எதனால் திருப்பி அனுப்புகிறார் என்று சொல்லாமல் விட மாட்டார். காம்பை விரலளவு விட்டு அறு, தரையில் கொட்டாதே, வைக்கோல் போடு என்று கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்குவார். அடுத்த வருடம் அதே ஆள் நல்ல பழத்தோடு வந்து அவர் எதிரில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்போதும் பாராட்டு வராது. "ட்ரைலர்ல இன்னா இவ்ளோ சாணி?" என்பார்.

நான் வந்த மூன்றாவது சீசனில் அது நடந்தது.

மதியம் சாரல் அடித்துவிட்டிருந்தது. பங்காருபாளையத்துக்காரர் ஒருவர், நல்ல உயரமும் பருமனுமான ஆள், தன் லோடோடு வந்திருந்தார். சார் வழக்கம்போல ட்ரைலர் மேல் ஏறி, அடியிலிருந்து ஒரு பழத்தை உருவி எடுத்து, அவரிடம் காட்டுவதற்காக விளிம்புக்கு வந்தார். ஈரப்பழங்கள் காலடியில் சரிந்தன. தலைகீழாகப் போய் எடைமேடையின் சிமெண்ட் விளிம்பில் விழுந்தார். சாம்பிள் வாளியோடு வந்துகொண்டிருந்த நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கண் திறந்திருந்தது. ரத்தம் அதிகமில்லை.

"தம்பி, என் கை எங்க கீது?" என்று கேட்டார்.

கை அவர் மார்பின் மேலேயே இருந்தது.

ஆளாளுக்குத் தூக்கப் பாய்ந்தார்கள். பங்காருபாளையத்துக்காரர்தான் போட்ட சத்தத்தில் எல்லோரையும் நிறுத்தினார். "தலையை எவனும் அசைக்காதீங்கடா!" தன் துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு இரண்டு பக்கமும் அண்டக்கொடுத்தார். ஷெட்டிலிருந்து ஒரு பலகையை எடுத்துவரச் சொன்னார். வரிசையில் நின்ற டிராக்டர்காரர்கள் எட்டுப் பேர் இறங்கி வந்து பலகையோடு சாரைத் தூக்கினார்கள். ஆம்புலன்ஸில் பங்காருபாளையத்துக்காரரும் ஏறிக்கொண்டார். சித்தூரில் பார்த்துவிட்டுத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் வந்தார். நான்கு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தார். அவருடைய லோடு ஃபேக்டரி வாசலில் நனைந்தபடியே நின்று அழுகிப்போனது.

"கழுத்துல அஞ்சாவது எலும்பு நொறுங்கியிருக்கு" என்றார் டாக்டர். "நரம்பு அமுங்கியிருக்கே தவிர அறுபடல. தூக்கின விதம் நல்லதாப் போச்சு. இல்லன்னா கழுத்துக்குக் கீழே ஒண்ணுமே இருந்திருக்காது." தொண்டைப் பக்கமாகத் திறந்து தகடு வைத்து ஆணி போட்டார்கள். மோவாயிலிருந்து மார்பு வரை கெட்டியான காலர் ஒன்றை மாட்டிவிட்டு, மூன்று மாதம் கழற்றக்கூடாது என்றார்கள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஒரு நர்ஸுக்கு அவர் கையில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு முறை குத்தினாள். மூன்றாவது முறை ஊசியை எடுத்தபோது, இப்போது வெடிக்கப்போகிறார் என்று நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவும் என்னைப் பார்த்தார்.

"பரவால்லம்மா. நிதானமா குத்து" என்றார் சார்.

கேன்டீனிலிருந்து நான் வாங்கிவந்த டீ சர்க்கரைப் பாகு மாதிரி இருந்தது. குழலால் உறிஞ்சிக் குடித்துவிட்டு, "நல்லா கீதுப்பா" என்றார். பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் கைகூப்ப முயன்றார். விரல்கள் சேரவில்லை. திரும்பும் வழியில் ஃபேக்டரி ஆட்களில் ஒருவர், "கழுத்து ஒடஞ்சதும் வாய் சரியாப் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தபின் அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. படுக்கையிலிருந்து எழுவதென்றால் உடம்பை ஒரே கட்டையாக ஒருக்களித்து, கால்களைத் தொங்கவிட்டு, அக்கா தோளுக்கடியில் கைகொடுக்க, மெல்ல நிமிர வேண்டும். காலர் இருப்பதால் குனிய முடியாது. தட்டைப் பார்க்க முடியாது. ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு, மார்பு உயரத்துக்குத் தட்டை வைத்து அக்கா ஊட்டுவார். தன் காலைத் தானே பார்க்க முடியாததால் வாசற்படி எங்கே தொடங்குகிறது என்று காலால் தடவித் தேடுவார். விரல்களுக்கு உணர்ச்சி வருவதற்காகக் கொண்டைக்கடலையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். பத்து எடுப்பதற்குள் வேர்த்துவிடும்.

சவரம் செய்துவிடுவது என் பொறுப்பு. மல்லாந்து படுக்க வைத்து, அக்கா தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரியில் காட்டிக்கொடுத்தபடி காலரின் முன்பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டு நான் மழிப்பேன். முதல் நாளே மோவாயில் வெட்டிவிட்டேன். ரத்தம் காதுப்பக்கம் வழிந்தது.

"ஐயோ சார்…"

"பரவால்லப்பா. நல்லாதான் பண்ற."

அப்போதுதான் எனக்கு முதல்முறையாக ஏதோ போல் ஆனது. அவர் கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அவர் தலையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் சுவருக்கு அப்பால் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா குழாயடியில் நின்றிருந்தார். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"இன்னா அக்கா?"

"நேத்து ரசத்துல உப்பே போடல தம்பி. வேணும்னேதான் போடல. புளியும் இல்ல. வெறும் மிளகுத் தண்ணி. ரெண்டு வாட்டி ஊத்திக்கினு துன்னாரு. எப்பிடி கீதுன்னு கேட்டேன். நல்லா கீதும்மான்னு சொல்றாரு. என்னை அம்மான்றாரு தம்பி!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "முப்பது வருசமா என்னை ஒரு வாட்டி அப்பிடிக் கூப்டதில்ல. யார் வீட்லயோ விருந்தாளி மாதிரி உக்காந்துக்கினு கீறாரு."

காலையில் சாரோடு தெருமுனை வரை நடப்பேன். வேகத்தடை வந்தால் அவருக்குச் சொல்ல வேண்டும். மறுநாள் நடக்கும்போது கேட்டேன்.

"சார், ரசத்துல உப்பே இல்லையாமே?"

நாலடி நடந்தார். "தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

நின்றார். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினார்.

"ராத்திரியில ரெண்டு வாட்டி எழுந்து என்னைப் புரட்டிப் படுக்க வைக்கிறா. கக்கூஸ் போனா கழுவி விடறா. அவகிட்ட போயி உப்பு இல்லன்னு எந்த வாயால சொல்றது?"

"நீங்க சொல்லணும்னுதான் சார் அவங்க காத்துக்கினு கீறாங்க."

"அது அவ நல்ல மனசு" என்று சொல்லிவிட்டு, மறுபடி உடம்பைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

மூன்று மாதம் முடிந்து திருப்பதிக்குப் போனோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். காலரைக் கழற்றினார்கள். அதனடியில் கழுத்து வெளிறி, யாரோ ஒரு சின்னப் பையனுடைய கழுத்து போல இருந்தது. கனம் தூக்காதே, வண்டி ஓட்டாதே, மற்றதெல்லாம் செய்யலாம் என்றார்கள்.

செய்தார். ஒவ்வொன்றாகச் செய்தார். தானே குளித்தார். தானே பிசைந்து சாப்பிட்டார். ஒருநாள் காலை, சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறேன் என்றார். நானும் அக்காவும் நிலைப்படியில் நின்றோம். விரல்கள் ஒவ்வொரு பொத்தானையும் பிடிப்பதும் விடுவதுமாக ரொம்ப நேரம் ஆயிற்று. முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அக்கா எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்படியே கடைத்தெரு வரை போய் வந்தார்.

அடுத்த சீசனில் ஃபேக்டரிக்கு வந்தார். ட்ரைலரில் ஏற விடவில்லை. கீழேயே நின்று பார்த்தால் போதும் என்றார்கள். பழத்தை எடுத்தார், அழுத்தினார், முகர்ந்தார். எல்லாம் பழையபடியே இருந்தது. பிறகு, "சரி, உள்ள விடு" என்றார். அடுத்த டிராக்டர். "சரி, உள்ள விடு." வரிசை அதுவரை இல்லாத வேகத்தில் நகர்ந்தது. பழக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் லேபில் என் சாம்பிளில் கறுப்புத் துகள் மிதந்தது, புளித்த வாடை அடித்தது. அன்றைய கூழ் முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

மேனேஜர் நல்ல மனிதர். யாரையும் கேட்காமல், உள்ளே ஃபேன் இருக்கும் இடத்தில் சாருக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தார். கேட் பாஸில் கையெழுத்துப் போடும் வேலை.

அன்று சாயங்காலம் அவரோடு பஸ்ஸுக்கு நின்றேன்.

"பழம் கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியலையா சார்?"

"முகர்ந்தாலே தெரியுமே."

"அப்புறம்?"

"அந்த பங்காருபாளையத்தான் லோடு எனக்காக நின்னு அழுவிப்போச்சு. அத்த ஒரு நாள் வாயத் தொறந்து சொல்லல அவன். அவன் பழத்த எப்பிடித் திருப்பி அனுப்பறது?"

"சரி, மத்தவங்க லோடு?"

"பலகையைப் புடிச்சவங்க எட்டுப் பேரு தம்பி. யார் யாருன்னு எனக்குத் தெரியாதே. அன்னிக்கி நான் வானத்ததான் பாத்துக்கினு இருந்தேன்."

பஸ் வந்ததும் அவரை முன்னால் ஏற்றிவிட்டேன். சீசன் முடிவதற்குள் அவர் வேலையை விட்டார். மகள் வந்து இருவரையும் சூளூர்பேட்டைக்கு அழைத்துப்போனாள். சுவருக்கு அப்பால் வேறு குடும்பம் வந்தது.

ஒரு வருடம் கழித்து அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது வீடு தேடிப் போனேன். மருமகன் ஸ்ரீசிட்டியில் கம்பெனி ஷிப்ட்டுக்குப் போயிருந்தான். சார் கடைக்குப் போய் எனக்குக் கலர் வாங்கிவந்தார். தானே மூடியைத் திறந்து கொடுத்தார். கழுத்து வலப்பக்கம் மட்டும் அவ்வளவாகத் திரும்பவில்லை. மற்றபடி அவருக்கு அப்படி ஒன்று நடந்தது என்று தெரியாதவர்கள் சொல்லவே முடியாது.

மதியச் சாப்பாட்டுக்கு மீன்குழம்பு. மகள் பரிமாறினாள். "எப்பிடி கீது நைனா?"

"பிரமாதம்மா."

மகள் என் பக்கம் திரும்பினாள். "நைனா இப்ப எவ்ளோ மாறிட்டாரு பாருங்கண்ணா. சின்ன வயசுல நான் பரீட்சையில தொண்ணூறு வாங்கினா மீதி பத்து எங்கன்னு கேப்பாரு. நான் போட்ட கோலத்த, கட்டின பொடவைய, எதையும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. எவ்ளோ நாள் அழுதிருக்கேன் தெரியுமா? இப்பிடி ஒரு நைனா எனக்கு அப்பவே கெடச்சிருக்கணும்."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. நான் சிரித்துவைத்தேன். அக்கா தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சொம்பில் தண்ணீர் இருந்தது. சார் தலை குனிந்து முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷன் வரை நானும் வருகிறேன் என்று என்னோடு நடந்து வந்தார். கூடூர் போகும் வண்டிக்குக் கால் மணி நேரம் இருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அவருக்கு வலப்பக்கம். அவர் நேராகத் தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"இங்க தெனமும் மீனு தம்பி" என்றார், திடீரென்று. குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"ஏரி பக்கந்தானே சார்."

"எனக்குப் புடிக்கல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று உடம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி நேராக உட்கார்ந்தார்.

"கொழம்புல புளி பத்தல. வெந்தயம் கருகிப்போவுது, அத்தோடவே ஊத்தறா. மாப்பிள டீவி வைக்கிறான் பாரு, காது கிழியுது. ஃபேனு கடக்கு கடக்குனு சத்தம் போடுது, ரெண்டு சொட்டு எண்ணெ விட்டா சரியாப்போவும், யாருக்கும் தோணல. வாசல்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடணுமோ அதுக்கு எதிர்ப் பக்கம் சிமெண்ட் போட்டு வெச்சிக் கீறாங்க. கட்டினவன் கண்ணு பொட்டையா இன்னா?"

அந்தக் கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டார். என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்களில் இன்னும் முழுப் பிடி வரவில்லை.

"அவங்ககிட்ட சொல்லிடாத தம்பி. என்னை நல்லா வெச்சிக்கினு கீறாங்க."

"சொல்ல மாட்டேன் சார்."

"உங்க அக்காகிட்டயும்."

வண்டி வந்து நின்றது. கதவுப் பக்கம் ஆட்கள் முண்டியடித்தார்கள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"வேற இன்னா சார்? சொல்லுங்க" என்றேன்.

நான் ஏறாமலே வண்டி கிளம்பிப் போயிற்று. அவர் தலையணையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.